சூடானதும் ஸ்லோ நிற்காத எஃப்ஐ பைக்: சிக்னலில் ஆஃப் ஆகிறது, எங்கே தேடுவது?

துரைப்பாக்கம்200

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 200 சிசி, எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்), ஒற்றை சிலிண்டர், ஆயில் கூல்டு, பிஎஸ்6, 2021 மாடல். ஓடோ 38,000ஐத் தாண்டிவிட்டது. கம்பெனி பெயரை வேண்டுமென்றே போடவில்லை, போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஸ்லோ, அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் ஓடும் வேகம், 1600ல் ஆரம்பித்து, கொஞ்சம் சூடானதும் 1400க்கு வந்து அசையாமல் நிற்கிறது. ஆனால் ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நெரிசலில் ஊர்ந்து டைடல் பார்க் சிக்னலுக்கு வருவதற்குள் நிலைமை மாறிவிடுகிறது. கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டதும் ஆர்பிஎம் 1000க்குக் கீழே இறங்கி, இரண்டு மூன்று முறை தடுமாறி, ஆஃப் ஆகிவிடுகிறது. மறுபடி செல்ஃப் அடித்தால் உடனே பிடிப்பதில்லை. ஆக்சிலரேட்டரை லேசாகத் திறந்துகொண்டு அடித்தால்தான் பிடிக்கிறது. ஓட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. 60லும் 80லும் பிக்கப் அப்படியே இருக்கிறது. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை.

சர்வீஸில் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) கிளீன் செய்து, பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது பியூயல் பம்ப் அசெம்பிளியையே மாற்றிப் பார்க்கலாம் என்கிறார்கள். சின்னத் தொகை இல்லை. அதற்கு முன் நானே பார்த்து உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?

அண்ணாநகர்_ரைடர்

பெட்ரோல்தான் காரணம் ப்ரோ. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், வந்த பிறகு எல்லா வண்டியும் இப்படித்தான். ப்ரீமியம் பெட்ரோல் போட்டு ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள்.

லாம்ப்டா

இ20ஐ இதில் இழுக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு என்பது கணக்கு. இ20க்கு அது ஏறத்தாழ 13.5. அதாவது ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியில் அந்த வித்தியாசத்தை ஈசியூ தானாகச் சரிசெய்துகொள்ளும். அது முடியாமல் போனால் மிக்சர் லீன் ஆகி (பெட்ரோல் குறைந்து, காற்று கூடி), குறை எல்லா வேகத்திலும் கொஞ்சமாவது தெரிய வேண்டும். குளிர்ந்த இன்ஜினில்தான் அதிகம் தெரிய வேண்டும். இவர் சொல்வது நேர்மாறாக இருக்கிறது. குளிர்ந்தபோது நன்றாக இருந்து, சூடான பிறகு, அதுவும் ஸ்லோவில் மட்டும் கெடுகிறது.

பழைய ரப்பர் பாகங்களுக்கு எத்தனால் ஆகாது என்பது உண்மைதான். அது தனிப் பேச்சு.

வேளச்சேரி_வாசி

டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பாதி வண்டிகளுக்கு இதே வேலைதான். டேங்கைக் கழற்றி முழுக்க வடித்து, பில்டர் மாற்றிய பிறகுதான் என் வண்டி சரியானது. எத்தனால் கலந்த பெட்ரோல் தண்ணீரை ஓரளவு தனக்குள் இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

ஆனால் என் வண்டி ஓட்டத்திலும் மிஸ்ஸிங் அடித்தது. உங்களுடையது அப்படி இல்லை என்கிறீர்கள். இருந்தாலும் ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோல் பிடித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் தெரிந்துவிடும்.

ஜிபிரோடு_பட்டறை

தம்பி, பம்பை மாற்றாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

பம்ப் பலவீனமானால் அது முதலில் காட்டிக்கொடுக்கும் இடம் முழு ஆக்சிலரேட்டர், மேம்பாலம், டபுள்ஸ். பெட்ரோல் அதிகம் கேட்கும் இடத்தில்தான் பற்றாக்குறை தெரியும். ஸ்லோவில் இன்ஜின் கேட்பது சொட்டு சொட்டாகத்தான். 80ல் குறையில்லாமல் ஓடுகிற வண்டிக்கு ஸ்லோவில் மட்டும் பெட்ரோல் போதவில்லை என்பது பெரும்பாலும் நடக்காது. சந்தேகம் இருந்தால் பெட்ரோல் லைனில் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் 3 பார் அளவில் நிற்க வேண்டும். அது சின்ன வேலை. அளந்து பார்க்காமல் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்லோ ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்றால், அந்த நேரத்தில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. உள்ளே போகும் காற்றும் கொஞ்சம், பெட்ரோலும் கொஞ்சம். வெளியிலிருந்து கூடுதலாகக் காற்றோ பெட்ரோல் ஆவியோ சிறிது நுழைந்தாலே கலவை கெட்டுவிடும். ஒரு ஸ்பூன் டிகாஷனை டம்ளர் பாலில் விட்டால் நிறமே மாறும், அண்டாப் பாலில் விட்டால் தெரியவே தெரியாது. 4000 ஆர்பிஎம்மில் உங்கள் இன்ஜின் அண்டாவாகிவிடுகிறது. அதனால்தான் ஓட்டத்தில் குறை தெரியவில்லை.

இப்போது எனக்கு நான்கு விஷயம் வேண்டும். பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு: வண்டி நிற்கும்போது, ஓடும்போது, இரண்டும். டேப்பட் (வால்வு இடைவெளி) கடைசியாக எப்போது பார்த்தார்கள். கழற்றிய பழைய பிளக் என்ன நிறத்தில் இருந்தது. ஆஃப் ஆன பிறகு பெட்ரோல் வாடை வருகிறதா.

ஆக்சிலரேட்டரைத் திறந்து அடித்தால் பிடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பெரம்பூர்_பைக்கர்

த்ராட்டில் பாடியை இன்ஜினோடு இணைக்கும் இன்டேக் ரப்பர் வெடித்திருக்கும் அண்ணா. சூட்டில் விரிசல் திறந்துகொண்டு காற்று இழுக்கும். எனக்குத் தெரிந்த வண்டியில் அப்படித்தான் இருந்தது. கார்ப் கிளீனரை ரப்பரைச் சுற்றி அடித்துப் பார்த்தால் ஆர்பிஎம் மாறும்.

லாம்ப்டா

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சூடான சைலன்சர் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடிக்காதீர்கள், தீப்பிடிக்கும். தண்ணீரை மெல்லிய ஸ்ப்ரேயாக அடித்தாலே போதும். விரிசலை ஒரு நொடி தண்ணீர் அடைக்கும், ஆர்பிஎம் மாறுவது தெரியும்.

அடுத்தது, கார்புரேட்டர் வண்டியின் அனுபவத்தை இதில் அப்படியே வைக்க முடியாது. இவர் வண்டியில் த்ராட்டிலுக்குப் பின்னால் மேப் சென்சார் இருக்கும், அதாவது இன்டேக்கில் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சார். விரிசல் வழியே கூடுதல் காற்று வந்தால் அழுத்தம் கூடும். காற்று கூடிவிட்டது என்று ஈசியூ பெட்ரோலையும் கூட்டும். அதனால் இப்படிப்பட்ட வண்டியில் காற்றுக் கசிவு பெரும்பாலும் ஸ்லோவை ஏற்றிவிடும் அல்லது ஏறி இறங்க வைக்கும். த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் வண்டியாக இருந்தால் லீன் ஆகி நின்றுபோகும். இரண்டையும் கலந்து பயன்படுத்தும் வண்டிகளும் உண்டு. ஸ்லோ இறங்கி ஆஃப் ஆகிறது என்பதற்குக் காற்றுக் கசிவு என் முதல் சந்தேகம் இல்லை.

பெரம்பூர்_பைக்கர்

சரி, ஆனால் நான் பார்த்ததும் எஃப்ஐ வண்டிதான். ஆஃப் ஆகத்தான் செய்தது.

ஜிபிரோடு_பட்டறை

ஆகும் தம்பி, விரிசல் பெரிதாக இருந்தால் ஈசியூ சமாளிக்க முடியாமல் ஆஃப் ஆகும். நீங்கள் சொன்னதைத் தள்ளவில்லை. ஆனால் அங்கே லீன், இங்கே ரிச், அதாவது பெட்ரோல் அதிகம், என்று எனக்குத் தோன்றுகிறது. ஆக்சிலரேட்டரைத் திறந்தால் காற்று கூடுதலாகப் போகிறது, அப்போது பிடிக்கிறது. அப்படியானால் உள்ளே ஏற்கெனவே பெட்ரோல் அதிகமாகக் கிடக்கிறது. அவர் பதில் வரட்டும்.

துரைப்பாக்கம்200

இவ்வளவு பேர் உதவுவதற்கு நன்றி. கேட்டவை இதோ.

பேட்டரி இரவு முழுவதும் நின்ற பிறகு 12.6, ஸ்லோவில் ஓடும்போது 14.1. டேப்பட் போன சர்வீஸில் பார்த்ததாக ஜாப் கார்டில் இருக்கிறது. பழைய பிளக்கை வாங்கி வைத்திருந்தேன், முனை முழுக்க உலர்ந்த கரி, கையில் ஒட்டுகிறது. பெட்ரோல் வாடை வருகிறது. பார்க்கிங்கில் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சீட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. பாட்டிலில் பிடித்த பெட்ரோல் தெளிவாக இருக்கிறது, அடியில் எதுவும் பிரியவில்லை.

சீட்டுக்கு அடியில் 6 பின் சாக்கெட் ஒன்று இருக்கிறது. அலுவலக நண்பரிடம் அதற்கான அடாப்டரும் ப்ளூடூத் ஸ்கேனரும் இருக்கின்றன. வண்டியோடு சேருமா என்று இன்று மாலை பார்க்கிறேன்.

லாம்ப்டா

சேர்ந்தால் பொன்னான விஷயம். எல்லா வண்டியும் பொது ஸ்கேனரோடு பேசாது, பேசினால் இவற்றை எடுங்கள்: இன்ஜின் வெப்பம், மேப், ஆக்சிஜன் சென்சார் வோல்டேஜ், ஷார்ட் டேர்ம் ட்ரிம், லாங் டேர்ம் ட்ரிம். ட்ரிம் என்பது ஈசியூ தன் கணக்கிலிருந்து பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதன் சதவீதம். பிளஸ் என்றால் கூட்டுகிறது, மைனஸ் என்றால் குறைக்கிறது. 10க்குள் இருந்தால் கவலையில்லை.

முக்கியம்: மூன்று நேரத்தில் எடுங்கள். சூடாகி ஸ்லோ நன்றாக நிற்கும்போது ஒன்று. தடுமாற ஆரம்பித்ததும் ஒன்று. அதே சூட்டில் சென்டர் ஸ்டாண்டில் 4000ல் பிடித்து ஒன்று.

துரைப்பாக்கம்200

ஸ்கேனர் சேர்ந்துவிட்டது! எண்கள்:

ஸ்லோ நன்றாக நிற்கும்போது வெப்பம் 82, ஷார்ட் டேர்ம் மைனஸ் 3ஐச் சுற்றி, ஆக்சிஜன் சென்சார் 0.1க்கும் 0.8க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கிறது.

நெரிசலில் ஓட்டிவிட்டு வந்து தடுமாறும்போது வெப்பம் 104, ஷார்ட் டேர்ம் மைனஸ் 25ல் போய் நின்றுவிடுகிறது, அதற்குக் கீழே போவதில்லை. ஆக்சிஜன் சென்சார் 0.8லேயே நிற்கிறது, ஆடுவதில்லை. லாங் டேர்ம் மைனஸ் 12.

4000ல் பிடித்தால் ஷார்ட் டேர்ம் மைனஸ் 4. எல்லாம் சாதாரணமாகிவிடுகிறது.

ஜிபிரோடு_பட்டறை

இனி இருட்டில் தேட வேண்டியதில்லை. ரிச்தான், ஐயமே இல்லை. ஈசியூ தன்னால் முடிந்த மட்டும் பெட்ரோலைக் குறைத்துவிட்டது. மைனஸ் 25 அதன் எல்லை. அதற்கு மேலும் பெட்ரோல் வந்துகொண்டிருக்கிறது, இன்ஜின் மூச்சு முட்டி நிற்கிறது.

ரிச் ஆக்கக்கூடியவற்றை வரிசையாகப் பார்ப்போம். வெப்ப சென்சார் பொய்யாகக் குளிர் என்று சொன்னால் ரிச் ஆகும், ஆனால் 104 சரியாகத்தான் காட்டுகிறது. பிரஷர் அதிகமானால் எல்லா வேகத்திலும் மைனஸ் வர வேண்டும், 4000ல் வரவில்லை. இன்ஜெக்டர் சொட்டினால் 82 டிகிரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். மிச்சம் இருப்பது, வண்டி நன்றாகச் சூடான பிறகு மட்டும் திறக்கிற ஒரு வழி. அது கேனிஸ்டர்.

டேங்கில் ஆவியாகும் பெட்ரோல் வெளியே போகாமல் ஒரு கரி டப்பாவில் தங்கும். இன்ஜின் சூடான பிறகு பர்ஜ் வால்வைத் திறந்து அந்த ஆவியை இன்டேக் வழியாக இழுத்து எரித்துவிடும். பிஎஸ்6 பெட்ரோல் வண்டிகளில் இது உண்டு. ஆவி மட்டும் இருக்க வேண்டிய டப்பாவில் பெட்ரோலே போய்த் தேங்கினால், திறந்ததும் கெட்டியான ஆவி கணக்கில்லாமல் உள்ளே போகும்.

சோதனை எளிது. தடுமாறும் நேரத்தில், பர்ஜ் வால்விலிருந்து த்ராட்டில் பாடிக்குப் போகும் மெல்லிய ஹோஸை, துணி சுற்றிய நோஸ் பிளேயரால் அழுத்திப் பிடியுங்கள். சில நொடியில் ஸ்லோ ஏறி நின்றால் அதுதான். ஹோஸைக் கிழித்துவிடாதீர்கள்.

இன்னொன்று, பங்க்கில் எவ்வளவு நிரப்புகிறார்கள்?

துரைப்பாக்கம்200

மூடி வரைக்கும் நிரப்புவார்கள். கன் தானாக நின்ற பிறகும் ரவுண்டாக வர வேண்டும் என்று இன்னும் கொஞ்சம் விடுவது வழக்கம்தானே. ஈசிஆரில் புதுச்சேரி போவதற்கு முன் அப்படி ஃபுல் டேங்க் போட்டு வெயிலில் நிறுத்தியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் தொல்லை தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான்.

சோதனையும் செய்துவிட்டேன். ஹோஸை அழுத்தியதும் 950லிருந்து நேராக 1400. விட்டதும் மறுபடி இறங்குகிறது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அப்படியே. ஷார்ட் டேர்ம் ட்ரிம்மும் மைனஸ் 25லிருந்து மெல்ல மேலே வருகிறது.

வேளச்சேரி_வாசி

அருமை! பம்ப் காசு மிச்சம்.

லாம்ப்டா

அந்தக் கடைசிக் கொஞ்சம் பெட்ரோலைப் பற்றி ஒரு கணக்கு. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெட்ரோல் 13 லிட்டர், மே மாத வெயிலில் நிற்கும் டேங்கில் 20 டிகிரி சூடானால் கால் லிட்டர் அளவுக்கு விரியும். மேலே இடமில்லாமல் நிரப்பியிருந்தால் அது போகக்கூடிய வழி கேனிஸ்டர் ஹோஸ்தான். டேங்க் வாயின் கழுத்துக்கு உள்ளே பெட்ரோல் ஏறக்கூடாது என்று மேனுவலில் எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜிபிரோடு_பட்டறை

இன்னும் ஒரு படி இருக்கிறது. டப்பா நிறைந்திருக்கிறதா, வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பிரிக்க வேண்டும். வால்வைக் கழற்றுங்கள். கரண்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். ஒரு பக்கம் ஊசி போடும் சிரிஞ்சை மாட்டிக் காற்றைத் தள்ளுங்கள், போகக்கூடாது. வாயால் ஊதாதீர்கள், உள்ளே பெட்ரோல் இருக்கும். பிறகு கேனிஸ்டரைக் கழற்றிச் சாய்த்துப் பாருங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெளியில் நின்று செய்யுங்கள்.

அண்ணாநகர்_ரைடர்

கேனிஸ்டரையே தூக்கிப் போட்டுவிட்டால் என்ன? எங்கள் ஏரியா மெக்கானிக் எல்லா வண்டியிலும் அதைத்தான் செய்கிறார். வெயிட்டும் குறையும், தொல்லையும் இல்லை.

ஜிபிரோடு_பட்டறை

தம்பி, இதை நான் மனதாரச் சொல்கிறேன், செய்யாதீர்கள். நான் பட்டறையில் பார்ப்பதில் பாதி தொல்லை அப்படி எடுத்துவிட்ட வண்டிகளால்தான் வருகிறது. த்ராட்டில் பாடி பக்கத்து ஹோஸைத் திறந்தபடி விட்டுவிடுகிறார்கள். பில்டர் இல்லாத வழியில் தூசியும் காற்றும் நேராக இன்ஜினுக்குள் போகிறது. டேங்க் பக்கத்து ஹோஸை போல்ட் போட்டு அடைக்கிறார்கள். டேங்க் மூச்சு விட முடியாமல் போகிறது, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, நெடுஞ்சாலையில் வண்டி அடைத்து அடைத்து நிற்கிறது. மூடியைத் திறந்தால் உஸ் என்று சத்தம் வரும். வால்வு கனெக்டரைக் கழற்றிவிட்டால் பல வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஆவி எங்கே போகும் என்று யோசியுங்கள். அடுக்குமாடி வீட்டின் மூடிய பார்க்கிங்கில், பக்கத்தில் மீட்டர் போர்டு இருக்கும் இடத்தில் வண்டி நிற்கிறது. அங்கே பெட்ரோல் ஆவி தேங்கலாமா? அந்த டப்பா காற்றுக்காகவும் நமக்காகவும் வைத்தது.

லாம்ப்டா

வழிமொழிகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும் கம்பெனி வடிவமைப்பை மாற்றக்கூடாது என்கிறது.

அண்ணாநகர்_ரைடர்

டேங்க் மூச்சு விடும் விஷயம் எனக்குத் தெரியாது. என் வண்டியில் மூடியைத் திறக்கும்போது உஸ் சத்தம் வருகிறது. நாளைக்கே பார்க்கச் சொல்கிறேன்.

துரைப்பாக்கம்200

வால்வு நன்றாக இருக்கிறது. சிரிஞ்சால் தள்ளினால் காற்று போகவில்லை, 12 வோல்ட் கொடுத்தால் டிக் என்று திறக்கிறது. கேனிஸ்டர்தான். கழற்றும்போதே கனமாக இருந்தது. குழாய் வாயைக் கீழே சாய்த்ததும் பழுப்பு நிறத்தில் பெட்ரோல் ஒழுகியது, கூடவே பொடிப்பொடியாகக் கரி. டப்பாவின் அடியில் உள்ள காற்று வழியிலும் சேறு அப்பியிருந்தது, மழைக்காலத்தில் ஏறியதாக இருக்கும்.

வெயிலில் உலர்த்தினால் மறுபடி பயன்படுமா?

ஜிபிரோடு_பட்டறை

ஆவியால் மட்டும் நிறைந்த கேனிஸ்டர் ஓட ஓடத் தானாகக் காலியாகிவிடும். பெட்ரோலில் ஊறி, கரியும் பொடிந்து வெளியே வருகிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். அந்தப் பொடி வால்வுக்குள் போனால் வால்வும் மூடாது. ஹீட் கன், ஹேர் டிரையர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். புதியதை கம்பெனி பார்ட்ஸ் கவுண்டரில் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும், ஆனால் அது எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுங்கள். பெட்ரோல் தாங்கும் ரப்பராகக் கேட்டு வாங்க வேண்டும், மீன் தொட்டி டியூப்பைச் செருகக்கூடாது. வால்வுக்குள் ஏதாவது கரி இருந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மாற்றியதும் முதல் சில ஓட்டத்தில் ஸ்லோ கொஞ்சம் இழுக்கலாம். ஈசியூ மைனஸ் 12 என்று கற்று வைத்திருக்கிறது, அதை மறக்க நேரம் எடுக்கும்.

துரைப்பாக்கம்200

மாற்றிவிட்டேன். அண்ணா சொன்னபடியே முதலில் காலை நேரத்தில் கொஞ்சம் லீனாக இழுத்தது, பிறகு சரியாகிவிட்டது. நேற்று வெயில் உச்சியில் இருக்கும்போது சோழிங்கநல்லூரிலிருந்து மத்திய கைலாஷ் வரை நெரிசலில் ஊர்ந்து வந்தேன். வெப்பம் 106 வரை போனது, ஸ்லோ 1400ஐ விட்டு இறங்கவில்லை. ஷார்ட் டேர்ம் பிளஸ் 2க்கும் மைனஸ் 5க்கும் இடையே. லாங் டேர்ம் மைனஸ் 3க்கு வந்துவிட்டது. பார்க்கிங்கில் வாடையும் இல்லை.

பங்க்கில் இனி கன் நின்றதும் போதும் என்று சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும், குறிப்பாக பட்டறை அண்ணாவுக்கு, மனமார்ந்த நன்றி.

தாம்பரம்_150

இதே இடத்தில் கேட்கலாமா? என் எஃப்ஐ வண்டியில் ஸ்லோ இறங்கவே மாட்டேன் என்கிறது. சில நேரம் 2200ல் தொங்குகிறது. இதற்கும் கேனிஸ்டரைப் பார்க்க வேண்டுமா?

ஜிபிரோடு_பட்டறை

வேண்டாம், அது வேறு. முதலில் நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஆர்பிஎம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிளில் பிளே (தளர்வு) இல்லை. ஏறவில்லை என்றால் இன்டேக் ரப்பரில் தண்ணீர் ஸ்ப்ரே, மேலே பெரம்பூர் தம்பி சொன்னது உங்களுக்குத்தான் பொருந்தும். அதன் பிறகுதான் ஸ்லோவைக் கட்டுப்படுத்தும் ஐடில் வால்வு. த்ராட்டில் பாடியில் பெயின்ட் அடித்து மூடிய ஸ்க்ரூ இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள்.

தாம்பரம்_150

இடது பக்கம் திருப்பினால் 2500க்கு ஏறுகிறது அண்ணா. போன மாதம் ஹேண்டில்பார் மாற்றினேன், கேபிள் பழையதுதான், இழுத்துப் பிடித்தபடி இருக்கிறது. நீளமான கேபிள் கிடைக்கிறதா என்று நாளைக்கு விசாரிக்கிறேன்.